ஒன்றரை மணி நேரம் பின்னால்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு ஒரு டிஜிட்டல் கேமரா கிடைத்தது. கிள்ளான் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு ஜப்பான்காரப் பொறியாளர் இருந்தார். ஊருக்குத் திரும்பும் நாளில் அதை ஒரு பழைய காலணிப் பெட்டியில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்குப் படம் எடுக்கும் பைத்தியம் உண்டு என்று அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். ஃபிலிம் வேண்டாம், கழுவக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம், எடுத்ததை அந்த நிமிடமே முதுகுப் பக்கத்துத் திரையில் பார்க்கலாம். திரை தீப்பெட்டி அளவுதான். ஆனாலும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் அப்போது அப்படி ஒரு பொருளை யாரும் கண்ணால் கண்டதில்லை. நான் தரையில் நடக்கவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், என்னைவிடப் பத்து வயது இளையவனான தம்பி. அப்பா ரயில்வேயில் இருந்து, ஓய்வுபெறும் முன்பே போய்விட்டார். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. மோட்டார்சைக்கிளில் போய் வருவான். வாயாடி இல்லை, சண்டைக்காரனும் இல்லை. என் கோபத்தில் கால்வாசி கூட அவனுக்குக் கிடையாது.

கேமராவை வீட்டில் முதன்முதலாக இயக்கிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை, பொது விடுமுறை. பேட்டரி வாங்கப் போன நான் வழியில் நண்பர்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றே முக்கால். அம்மா காலண்டருக்கு அடியில் குங்குமச் சிமிழோடு நின்றார்.

"நல்ல நேரம் பத்தரையோட முடிஞ்சிருச்சு. இப்ப ராகு காலம். புதுப் பொருள இப்பப் போயி தொறக்காத. பன்னெண்டு மணிக்கு மேல பாத்துக்கலாம்."

எனக்குப் பொறுக்குமா? பேட்டரியைப் போட்டேன். பல நாள் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமரா, திரையில் எண்களை மினுக்கி மணி கேட்டது. எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. பத்தேகால் என்று வைத்து அம்மாவிடம் நீட்டினேன்.

"இங்க பாருங்கம்மா. இதுக்கு இப்பத்தான் பத்தேகால் ஆவுது. இதுக்கு இன்னும் ராகு காலம் வரல."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "சாமியவே ஏமாத்துறீங்களே அண்ணே" என்றான். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வாய் கொழுப்புடா உனக்கு" என்று சொல்லிக்கொண்டே கேமராவின் பக்கவாட்டில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். முதல் படத்தில் இருவரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மணியைத் திரும்பச் சரியாக வைக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. படத்தின் மேல் அந்த மணி விழுவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தித் தேடினால்தான் தெரியும். நான் எதற்குத் தேடப் போகிறேன்?

பகலில் படம் எடுப்பது எளிதாகத்தான் இருந்தது. இரவுதான் என்னைப் படுத்தி எடுத்தது. ஃபிளாஷ் போட்டால் பக்கத்தில் நிற்பவரின் முகம் மாவு பூசியதுபோல் வெளுக்கும், அவருக்குப் பின்னால் உலகமே இருட்டாகிவிடும். ஃபிளாஷை அணைத்தால் தெருவிளக்கெல்லாம் நூல் நூலாக இழுபடும், ஏனென்றால் என் கை ஆடும். பொத்தான்களுக்கு மேலே இருந்ததெல்லாம் ஜப்பானிய எழுத்து. புரிந்தது ஒன்றே ஒன்று, நிலாவும் நட்சத்திரமும் போட்ட ஒரு சின்னப் படம். அதை வைத்தால் கேமராவின் கண் இரண்டு வினாடி வரைக்கும் மூடாமல் திறந்திருக்கும் என்று நாலைந்து நாளில் கண்டுபிடித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கையில் வைத்து எடுக்கக் கூடாது, அசையாத எதன் மேலாவது உட்கார வைக்க வேண்டும். உட்கார வைத்தாலும் பொத்தானை அழுத்தும் விரலே அதை அசைத்துவிடும். அதனால் பத்து வினாடி கழித்துத் தானே எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பங்சார் போகும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வைத்து ரயில் பாதையை எடுத்தேன். அந்தப் படத்தில் தண்டவாளம் நான்கும் தனித்தனியாகத் தெரிந்தன. கேமராவின் நினைவு அட்டையில் இருபது படத்துக்கு மேல் கொள்ளாது. கலங்கிய படத்தை உடனே அழித்து இடம் பண்ணிக்கொள்வது என் பழக்கமாயிற்று. தெளிவாக வந்ததை மட்டுமே வைத்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு திமிரும் இருந்தது.

அப்படி இருக்கையில் கிள்ளானில் ஓர் அம்மன் கோயிலில் தேர். இரவில் விளக்கு ஜோடித்து வரும் தேரை ஒரே ஒரு தெளிவான படம் எடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. அன்று தம்பிக்கு வேலை இல்லை. "நீயும் வாடா" என்று சொல்லிவிட்டு நான் முன்னதாகவே கொமியூட்டர் ரயிலில் போய்விட்டேன்.

கடைத்தெரு முனையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே கவிழ்த்து வைத்திருந்த நீல நிற டிரம்மின் மேல் கேமராவை வைத்து, முகப்பு கொஞ்சம் தூக்கினாற்போல் கைக்குட்டையை மடித்து அடியில் கொடுத்தேன். தேர் நகர்ந்துகொண்டே இருக்கும்போது எடுத்ததெல்லாம் பாழ். ஜெனரேட்டர் வண்டிச் சத்தம், புகை, உருமி அதிரும் ஒவ்வொரு தடவையும் கூட்டத்தில் யாராவது டிரம்மில் இடிப்பார்கள். அழித்தேன், எடுத்தேன், மறுபடி அழித்தேன். மணி எத்தனை என்று நான் பார்க்கவில்லை. இயந்திரத்தோடு வேலை செய்கிறவன் என்பதால் கையில் கடிகாரம் கட்டும் பழக்கமும் எனக்கு இல்லை.

தேர் ஒரு வீட்டு வாசலில் அர்ச்சனைக்காக நின்றது. அப்போதுதான் தம்பி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான்.

"எங்கடா போன இவ்ளோ நேரம்?"

"ரோட்டுல ஒரே ஜேம்லா அண்ணே. மோட்டார நிப்பாட்டக்கூட எடமில்ல."

"சரி, பேசாத. தேருக்கு முன்னால போயி நில்லு. ஆடாத. கண்ணக்கூட சிமிட்டாத."

ஓடிப் போய் நின்றான். கை கூப்பினான். பத்து வினாடி, பிறகு இரண்டு வினாடி. திரையில் படம் வந்ததும் நான் சத்தம் போட்டுவிட்டேன். தேரின் ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாக இருந்தது. அம்மனின் மாலைகூடத் தெரிந்தது. நடுவில் தம்பி, சட்டையின் கட்டம் எண்ணிவிடலாம் போல அவ்வளவு துல்லியம். அவனைச் சுற்றி நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் புகையாக இழுபட்டுப் போயிருந்தார்கள். ஒரு முகம் அடையாளம் தெரியாது. அசையாமல் நின்றவன் அவன் ஒருவன்தான்.

"நல்லா விழுந்திருக்கு அண்ணே" என்றான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பசிக்குது, நான் கெளம்புறேன்" என்று போய்விட்டான். நான் அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கு எடுத்த மற்ற எல்லாவற்றையும் அழித்தேன். அழித்தவற்றில் தண்ணீர்ப் பந்தல்காரர் அவனுக்குக் கோப்பை நீட்டுகிற படம் ஒன்றும் இருந்தது. ஃபிளாஷில் இரண்டு பேர் முகமும் வெளுத்திருந்ததால் எனக்கு அது பிடிக்கவில்லை.

அதே இரவு ஒன்பதரை மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் வெட்டுக்குத்து நடந்தது. பாராங் கத்தியால் தலையில் வெட்டுப்பட்டவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். வெட்டிவிட்டு ஓடிய பையன்களில் ஒருவன் என்று கடையில் வேலை செய்த ஓர் ஆள் என் தம்பியை அடையாளம் சொன்னார். எங்கள் தெருப் பக்கம் பார்த்த முகம் என்றாராம். மறுநாள் பொழுது சாய போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அம்மா படிக்கட்டு வரைக்கும் பின்னாலேயே ஓடினார். "எம்புள்ள கிள்ளான்ல தேரு பாத்துக்கிட்டு இருந்தான் சார்" என்று தமிழ் தெரியாத அதிகாரியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அம்மாவைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன். எனக்கு அப்போது பயமே இல்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது. என் கையில்தான் படம் இருக்கிறதே!

"அழாதீங்கம்மா. நாளைக்கே வந்துருவான். நான் படம் வச்சிருக்கேன்."

அந்த இரவு கேமராவை எடுத்து, படம் எடுத்த மணியைக் காட்டும் பொத்தானைத் தேடி அழுத்தினேன். எட்டு மணி பன்னிரண்டு நிமிடம் என்று இருந்தது.

கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு காலண்டரும் பத்தேகாலும் நினைவுக்கு வந்தன.  உண்மையில் படம் எடுத்தபோது மணி ஒன்பது நாற்பத்திரண்டு. ஒன்பதரைக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் வெட்டியவன் ஒன்பது நாற்பத்திரண்டுக்குக் கிள்ளானில் கை கூப்பி நிற்க முடியாது. ஆனால் எட்டேகாலுக்குக் கிள்ளானில் நின்றவன் மோட்டார்சைக்கிளில் ஏறினால் ஒன்பதுக்கெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்துவிடலாம்.

அடுத்து நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கையை நானே கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கேமராவின் மணியைச் சரியாகத் திருத்தினேன். பிழையான மணி ஓடும் கேமராவை லாயரிடம் கொண்டுபோனால் அவர் எப்படி நம்புவார், முதலில் இதை ஒழுங்காக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குப் பட்டது. இரண்டு மூன்று தடவை தவறாக அழுத்தி, எப்படியோ சரியான மணிக்குக் கொண்டுவந்தேன். கொண்டுவந்த பிறகு மனம் லேசாகக்கூட ஆனது.

லாயர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே மாடியில் அவருடைய ஆபீஸ். அப்பாவைத் தெரியும் என்பதால் உடனே கூப்பிட்டு உட்கார வைத்தார். படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். மணியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நான் நடந்ததைச் சொன்னேன். ராகு காலம், பத்தேகால், அம்மாவின் சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சரி, அப்ப கேமரா இப்பவும் ஒண்டரை மணித்தியாலம் பின்னுக்குத்தானே ஓடுது? அது போதும். அதை அப்பிடியே கோட்டிலை வைச்சுக் காட்டலாம். பிழையாய் ஓடுற மணிதான் எங்களுக்குச் சாட்சி. எங்கை, காட்டும் பாப்பம்."

நான் கேமராவை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

"என்ன?"

"நேத்து ராத்திரி சரி பண்ணிட்டேன் சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஏன் தம்பி அதிலை கை வைச்சனீர்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்த மாடியிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. இனிமேல் அந்தக் கேமரா ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடியது என்பதற்கு என் வாய்ச்சொல் மட்டும்தான். கூடப் பிறந்த அண்ணன் சொல்வதை எந்தக் கோர்ட்டில் எடுப்பார்கள்? போதாததற்கு அது கம்ப்யூட்டர் படம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்றார்.

வெட்டுப்பட்டவர் கண் விழிக்காததால் தம்பிக்கு ஜாமீன் தரவில்லை. லாக்கப்பிலிருந்து சிறைக்குக் கொண்டுபோனார்கள். அம்மா சோறு வடிப்பதை நிறுத்தினார். ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டு மூலையில் படுத்துக்கொள்வார். "நீ படம் வச்சிருக்கேன்னியே ஐயா" என்று தினம் ஒரு தடவை கேட்பார். கேமராவின் மணி விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே அறைந்துகொள்வார் என்று எனக்குத் தெரியும்.

கோயில் நிர்வாகத்தாரிடம் போனேன். தேர் அந்த முனைக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"அந்த மொனைய தேரு ரெண்டு தடவ தாண்டும் தம்பி. போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ. வாசலுக்கு வாசல் அர்ச்சன தட்டு வருது. எங்க எத்தன மணிக்கு நின்னுச்சுன்னு யாரு எழுதி வைக்கிறா?"

தண்ணீர்ப் பந்தல்காரரைத் தேடிப் பிடித்தேன். தம்பியின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆயிரம் பேருக்குத் தண்ணி குடுத்தேன் பாஸ், எந்த மொகத்தன்னு சொல்றது" என்றார். அவர் கோப்பை நீட்டுகிற படத்தைக் காட்டினால் ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. அதைத்தான் முகம் வெளுத்துவிட்டது என்று அழித்துவிட்டேனே.

பிறகு ஒருநாள், நூறாவது தடவையாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பியின் தோளுக்குப் பின்னால் கண் போயிற்று. அங்கே ஒரு துணிக்கடை. இரும்புக் கதவு இறக்கி, பெயர்ப்பலகை விளக்கும் அணைந்து கிடந்தது. கிள்ளானில் அந்தத் தெருத் துணிக்கடைகள் ஒன்பது மணி வரைக்கும் ஜெகஜோதியாக இருக்கும். அப்படியானால் படம் ஒன்பதுக்கு மேல் எடுத்ததுதானே? நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

மறுநாளிலிருந்து வேலை விட்டதும் நேரே கிள்ளானுக்குப் போனேன். அதே முனை. டிரம் இல்லை, பழக்கடையில் ஒரு மரப்பெட்டி கேட்டு வாங்கி அதே உயரத்துக்கு அடுக்கினேன். எட்டு மணி பன்னிரண்டுக்கு ஒரு படம், ஒன்பது நாற்பத்திரண்டுக்கு ஒரு படம். இந்தத் தடவை கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். சில நாள் மழை, கண்ணாடியில் துளி விழுந்து விளக்கெல்லாம் பூத்துப்போகும். சில நாள் லோரி வந்து முன்னால் நின்றுகொள்ளும். ஓட்டுநரிடம் கெஞ்சி நகர்த்தச் சொல்வேன். கடைக்காரப் பெண்கள் என்னைப் பார்த்து ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிச் சிரிப்பார்கள். பன்னிரண்டு நாள் போனேன், எடுத்ததை அவ்வப்போது ஒரு கம்ப்யூட்டர் கடையில் அச்செடுத்து அட்டையில் இடம் பண்ணிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான இரவுப் படங்களை நான் எடுத்ததே இல்லை. எட்டு மணிப் படத்தில் துணிக்கடையின் சிவப்பு விளக்கு நடைபாதைத் தண்ணீரில்கூட மின்னியது. ஒன்பது நாற்பத்திரண்டில் இருட்டு, கதவு இறங்கியிருந்தது, தம்பியின் தோளுக்குப் பின்னால் இருந்தது போலவே.

லாயர் படங்களை வரிசையாக மேசையில் பரப்பிப் பார்த்தார். "இது நல்லாயிருக்கு. ஒன்பது மணிக்குத்தான் பூட்டுறதெண்டு கடைக்காரரிட்டை ஒரு கடிதம் வாங்கும்" என்றார். அன்று இரவு நான் தூங்கினேன். அம்மாவும் என் முகத்தைப் பார்த்து ஒரு பிடி சோறு சாப்பிட்டார்.

துணிக்கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறோடு கல்லாவில் இருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒம்பது மணிக்குத்தான் அடைப்போம் தம்பி. தெனமும் அப்படித்தான். ஆனா தேரன்னிக்கு அப்படி இல்ல."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு எங்க உபயம்லா. குடும்பத்தோட கோயில்ல நின்னோம். ஏழு மணிக்கே கதவ எறக்கிட்டோம்."

நான் அவர் காலைப் பிடிக்காத குறை. "அண்ணே, ஒம்பதுன்னு மட்டும் எழுதிக் குடுங்கண்ணே. அவன் நெஜமா இங்கதான் நின்னான். நான் பொய் சொல்லலண்ணே. நெஜத்த காப்பாத்தத்தான் கேக்குறேன்."

"நீங்க சொல்றத நம்புறேன். ஆனா அம்மனுக்கு உபயம் செஞ்ச நாளப் பத்தி என்னால பொய் எழுத முடியாது தம்பி. என்னைய மன்னிச்சிருங்க."

நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு வந்த கொலைவெறியை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. வெளியே அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதேன். பையில் இருபத்து நான்கு படம் இருந்தது. ஒன்றுக்கும் உதவாது.

அதற்குப் பின் வந்த வாரங்களில்தான் எனக்குள் ஒன்று கெட ஆரம்பித்தது. லாயர் என்னைச் சாட்சிக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தார். "நீர் மணியை மாத்தேக்கை கேமரா எத்தினை மணி காட்டினது? உண்மையான மணி எத்தினை?" என்பார்.  அந்த இரவு பழைய மணியை நான் பார்த்தேனா? பார்த்தேன் என்றுதான் நினைவு. எண்களைச் சொல்லச் சொன்னால் வரவில்லை. அம்மா பொட்டு வைத்த நாளுக்கும் தேருக்கும் நடுவில் இரண்டு வாரம் அந்த ஜப்பானியப் பொத்தான்களை எல்லாம் கண்டபடி அழுத்தியிருக்கிறேன். அப்போதே தெரியாமல் மணியை மாற்றியிருந்தால்? எட்டேகால் என்பதே சரியான மணியாக இருந்தால்?

ஒருமுறை அந்த நினைப்பு வந்த பிறகு போக மறுத்தது. தம்பி ஏன் பசிக்கிறது என்று அவசரமாகக் கிளம்பினான்? வழியில் ஒரு கடையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன் என்றான். எந்தக் கடை என்று அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நள்ளிரவுக்கு மேல் நான் வீடு திரும்பியபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான், தலை ஈரமாக இருந்தது. எதற்குக் குளித்தான்? கோலாலம்பூர்ப் புழுக்கத்தில் யார்தான் இரவில் குளிக்காமல் படுக்கிறார்கள்? நானே மூன்று வேளை குளிக்கிறவன். அது தெரிந்தும் அந்த ஈரத் தலை என் கண்முன் வந்துகொண்டே இருந்தது. கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி நினைக்கிறாயே, நீயெல்லாம் ஒரு மனிதனா என்று கண்ணாடியைப் பார்த்து என்னையே கேட்பேன். மறுநாளும் நினைப்பேன்.

வழக்குக்கு முதல்நாள் அவனைப் பார்க்கப் போனேன். நடுவில் கண்ணாடி, ஆளுக்கொரு டெலிபோன். கன்னம் ஒட்டிப்போயிருந்தான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"அம்மா சாப்புடுறாங்களா அண்ணே?"

"சாப்புடுறாங்க."

"பொய் சொல்றீங்க."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். லாயர் என்ன சொன்னார் என்று கேட்டான். வழக்கை நடத்தி, அந்தக் கடையாளின் சாட்சியை எப்படியாவது உடைக்கப் பார்ப்பார் என்றேன். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையலாம் என்று உள்ளே இருக்கும் ஆட்கள் சொல்கிறார்களாம், ஆனால் செய்யாததை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றான். நான் தலையாட்டினேன். அவன் கொஞ்ச நேரம் டெலிபோன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"யாரும் நம்பாட்டி பரவால்ல. நீங்க நம்புறீங்கதானே? நீங்கதானே படம் எடுத்தீங்க."

நம்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஈரத் தலை குறுக்கே வந்தது. எத்தனை வினாடி என்று எனக்குத் தெரியாது, இரண்டு வினாடிகூட இருக்காது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் மாறுவதை நான் பார்த்தேன்.

"நம்பாம? நீ அங்கதானடா நின்ன" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சரி அண்ணே. அம்மாவ பாத்துக்குங்க" என்றான். இன்னும் நேரம் இருந்தது. டெலிபோனை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் கோர்ட்டில் குற்றச்சாட்டை வாசித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் அவன் பக்கம் திரும்பி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று தமிழில் கேட்டார். லாயர் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒத்துக்கிறேன்" என்றான் தம்பி.

லாயர் காகிதத்தைக் கீழே விட்டுவிட்டு எழுந்தார். தன் கட்சிக்காரரோடு பேச நேரம் வேண்டும் என்று கேட்டு, கூண்டுப் பக்கம் போய் அவன் காதில் என்னென்னவோ சொன்னார். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னான். நான்கு வருடம் கொடுத்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது. லாயர் என்னைக் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப்போனார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"நேத்து அவனைப் பாக்கப் போனனீர்தானே? என்ன சொன்னனீர் அவனிட்டை?"

"ஒண்ணும் சொல்லல சார்" என்றேன்.